அஞ்சலில் வந்த மடம்

காலையிலிருந்து எதிர்வீட்டு மாதம்மாவின் மருமகள்கள் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள். அந்த வாடை தெருவைத் தாண்டி நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வரைக்கும் வந்துவிட்டது. புளி வாடை வந்தால் மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு உன் இறையியல் பாடம் ஞாபகம் வருகிறது. மடியில் முறம், முறத்தில் புளி, பக்கத்தில் கல்லை வைத்து அழுத்திய சைக்ளோஸ்டைல் தாள். கொட்டையை எடுத்துக்கொண்டே படிப்பாய். பக்கம் திருப்ப வேண்டியபோது முழங்கையால் திருப்பப் பார்ப்பாய், முடியாது, கடைசியில் புளி விரலாலேயே திருப்புவாய். உன் விடைத்தாள்களில் புளிக்கறை இல்லாமல் போனது எதுவும் இல்லை.

கிளை அஞ்சலகக்காரனாக இருந்து ஊர்க் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியிருக்கிறேன். உனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுதும்படி நீ எங்கே போனாய்? ஒரே ஒரு முறை போனாய், அப்போதும் எழுதத் தோன்றவில்லை. இப்போது முகவரி இல்லாத இடத்துக்குப் போன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே.

நம் ஊர்க் கோயிலுக்குச் சாமியார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைத்துப் போன காலம் அது. உலகத்து ஆயர்களின் சங்கம் கூடி முடிந்து, லத்தீன் போய் பூசை தமிழில் ஆகி, பீடத்துக்கு அந்தப்பக்கம் நின்று சாமியார் நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். நம் ஆட்களுக்கு அதுவே கூச்சம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் கடைசியில், இனி சாமியார்கள் மட்டுமல்ல, பொதுநிலையினரும் இறையியல் படிக்கலாம், ஒரு குருமடத்திலிருந்து அஞ்சல் வழியாகப் பாடம் அனுப்புகிறார்கள், விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்றார். சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்தும் உபதேசியார் கொடுப்பார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். உபதேசியார் குனிந்து பாய் சுருட்டப் போய்விட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்தாய்.

பாடங்கள் புக் போஸ்டில் வரும். தபால் பை மத்தியான பஸ்ஸில் வரும். நான் ரோட்டுக்குப் போய் எடுத்து வந்து, நம் வீட்டு முன்னறையிலேயே இருந்த அஞ்சலகத்தில் பிரித்து அடுக்குவேன். அடுப்படியிலிருந்து எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் நீ ஒருநாளும் உள்பக்கமாக வந்து பாடத்தை வாங்கியதில்லை. கொல்லைப்புறமாக வெளியே போய், சுற்றி வந்து, ஜன்னலில் நிற்பாய்.

"உள்ள வந்து எடுத்துக்கிட்டா என்ன?"

"அது போஸ்ட்மாஸ்டர் பொண்டாட்டிக்கு. இங்க நிக்கறது மாணவி. பேரச் சொல்லிக் குடுங்க."

பெயரைச் சொல்லிக் கொடுப்பேன். என் வாயால் உன் பெயரை முழுதாக, தகப்பன் பெயர் எழுத்தோடு, அப்போதுதான் சொன்னேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வருடம் வேதாகமம், திருச்சபை என்று போயிற்று. அதில் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டாம் வருடம் துறவற சபைகளின் ஆன்மிகம் என்று ஒரு பகுதி தொடங்கியது. அந்தத் தலைப்பைப் பையிலிருந்து எடுத்த அன்று அதை மற்றத் தபால்களுக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நீ அப்போது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ கன்னியர் மடத்திலிருந்து திரும்பி வந்த பெண். துறவற உறுதிமொழியான வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முந்தின பயிற்சிக் காலத்தில் உனக்கு மூச்சிழுப்பு வந்து, குளிர்ந்த தரையும் விடிகாலைத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல், உடம்பு தாங்காது என்று மடத்துத் தலைவி மதர் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வருடமே எனக்குப் பேசி முடித்தார்கள். கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டே என் சொந்தக்காரர் ஒருவர், "சாமிக்கே ஆவாத பொண்ணு, இவனுக்கு ஆவுதா பாக்கலாம்" என்றார். சொன்னவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். என் காதில் அது தங்கிவிட்டது. எனக்கு உன்மேல் குறை எதுவும் இல்லை. என்மேல்தான். இவள் விரும்பிய வீடு வேறு, கிடைத்த வீடு இது, இவளுக்குக் கேட்காமல் கிடைத்த இரண்டாம்பட்சம் நான் என்று மனசுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. வந்த புதிதில் நீ சுவரைப் பார்த்துப் படுத்து அழுததை வேறு நான் பார்த்திருந்தேன்.

இப்போது அந்த மடமே மாதம் ஒரு பாடமாகப் பிரிந்து, நூல் கட்டி, என் கையாலேயே உனக்கு வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு பாடமும் ஒரு சபையைப் பற்றியது. படித்ததை அன்றாடத்தில் ஒன்றாவது செய்து பார்க்க வேண்டும் என்று பாடத்தின் கடைசியில் போட்டிருந்தார்கள். மற்ற மாணவர்கள் எப்படியோ, நீ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். ஏழ்மையைக் கொண்டாடும் சபையின் பாடம் வந்த மாதம் என் நல்ல சட்டை ஒன்று காணாமல் போய், நம் மாடு மேய்க்க வந்தவர் முதுகில் தென்பட்டது. தினமும் மனசைத் திருப்பிப் பார்த்து ஆன்ம சோதனை செய்யும் சபையின் மாதத்தில், சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "இன்னிக்கி யார் மேல கோவப்பட்டீங்க?" என்று கேட்டாய். உன் மேல்தான் என்றேன். எழுதிக்கொள்வதுபோல் தலையை ஆட்டினாய்.

மணிக்குக் கீழ்ப்படியும் சபையின் பாடம்தான் நம் வீட்டில் நிலைத்தது. மணி அடித்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஜெபத்துக்குப் போக வேண்டும், எழுதுகிற எழுத்தைக்கூடப் பாதியில் நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. நம் கோயிலில் மணி உண்டு, அடிக்க ஆள் இல்லை. நீ இரண்டு நாள் யோசித்தாய். அரூரிலிருந்து வரும் பஸ் காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று நடை நம் ஊர் வழியாகப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகும். நம் திருப்பத்தில் அந்த டிரைவர்கள் யாராக இருந்தாலும் ஹாரனை ஓங்கி அடிப்பார்கள். திரிகால ஜெபமும் மூன்று வேளை. பஸ்ஸும் மூன்று.

"சாமியே ஏற்பாடு பண்ணி வெச்சிருக்காருங்க" என்றாய்.

அதற்குப் பிறகு மத்தியான ஹாரனுக்கு நம் வீட்டில் இரண்டு பேர் எழுந்தோம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பை எடுக்க ரோட்டுக்கு ஓடுவேன். நீ போட்டது போட்டபடி நின்று கும்பிட்டு ஜெபத்தைத் தொடங்குவாய். குழம்பு பலமுறை அடிப்பிடித்தது. ஆத்தாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, அது ஒன்றுதான் வருத்தம்.

பிறகு மௌனத்தைக் காக்கும் சபையின் பாடம் வந்தது. அப்போது தவக்காலம். எழுந்ததிலிருந்து காலை பஸ் ஹாரன் வரைக்கும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தாய். என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டாய். ஆத்தாவிடம் சொல்ல மறந்துவிட்டாய். ஆத்தா கோழியைத் திறந்துவிட்டாயா என்று கேட்டால் நீ தலையை ஆட்டினாய். தண்ணீர் காய்ந்துவிட்டதா என்றால் சிரித்தாய். மூன்றாம் நாளே ஆத்தா கிணற்றடியில் மாதம்மாவிடம் போய், மருமகளுக்கும் தனக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோய்விட்டது என்று அழுதுவிட்டார்.

மாதம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. மறுநாள் காலை நேராக நம் வீட்டுக்கு வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏந் தம்பி, வூட்ல என்ன நடக்குது? வயசானவ கூட இந்தப் பொண்ணு பேச மாட்டேங்குதாம். என்ன மனத்தாங்கல்னு சொன்னா நாலு பேரு பேசித் தீத்துடலாம்ல?"

உன்னைப் பார்த்தேன். நீ கையெடுத்துக் கும்பிட்டு, ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாய். பஸ் வரட்டும் என்று பொருள். மாதம்மா அதைத் தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டார். ஆத்தா தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் விளக்கம் சொன்னேன். மடத்தில் இப்படி ஒரு பழக்கம், அஞ்சலில் பாடம் வந்திருக்கிறது, அதில் போட்டிருக்கிறது என்று சொல்லச் சொல்ல, எனக்கே அது நான் கட்டிவிட்ட கதையாகக் கேட்டது. அன்றைக்குப் பார்த்து தீர்த்தமலையில் மாசித் திருவிழா. பஸ்ஸை ஸ்பெஷலாக அங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். வெயில் ஏறுகிறது, ஹாரன் வரவில்லை, மாதம்மா நகரவில்லை, ஆத்தாவின் அழுகை நிற்கவில்லை.

நீ எழுந்து போய் ஆத்தாவின் காலடியில் உட்கார்ந்தாய். "அத்த, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட சொல்லாம வுட்டது என் தப்புதான்" என்றாய். ஹாரனுக்கு முன்னால் நீ பேசியது அந்த ஒரு நாள்தான். ஆத்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கோழியத் தொறந்து வுட்டியா இல்லியா, அதச் சொல்லு" என்றார்.

இதையே மௌனம் பற்றிய கேள்விக்கு விடையாக எழுதி அனுப்பினாய். விடைத்தாள் திருத்தும் சாமியாரின் முகத்தை நாம் கடைசிவரை பார்த்ததில்லை. அவர் ஓரத்தில் சிவப்பு மையில், மடத்திலும் இப்படித்தான் நடக்கும், அங்கே பஸ் மட்டும் கிடையாது என்று எழுதியிருந்தார். நீ அதை எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டை ஒவ்வொரு கல்லாக நீ மடமாக மாற்றுகிறாய், முழுதும் மாறிய பிறகு அதில் எனக்கு என்ன இடம் என்று தெரியாமல் தவித்தேன்.

அந்த வருடம் மே மாதத்தில் நேர்முக வகுப்பு என்று அறிவிப்பு வந்தது. அஞ்சலில் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு மடத்தில் சில நாள் தங்கி, சகோதரிகளோடு ஜெபித்து, வகுப்பு கேட்டு வர வேண்டும். இடத்தைப் பார்த்தேன். உன்னைத் திருப்பி அனுப்பிய அதே மடம். உறையைப் பார்த்ததும் உன் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக மற்றக் கடிதங்களுக்கு முத்திரை குத்தினேன்.

"போவலாங்களா?" என்றாய்.

"போ" என்றேன்.

நானேதான் கொண்டுபோய் விட்டேன். தருமபுரியில் இறங்கி வேறு பஸ் மாறி, மடத்து வாசலில் உன் பெட்டியை வைத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பினேன். அந்த நாட்களில் ஆத்தா சமைத்தார். மத்தியான ஹாரனுக்கு நான் மட்டும் எழுந்தேன். அடுப்படியில் யாரும் ஜெபம் சொல்லவில்லை, குழம்பு சரியாக இருந்தது, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முடிவு நாளன்று உன்னைக் கூப்பிட வந்தேன். பார்வையாளர் அறையில் உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்து சிற்றாலயத்தின் பக்கவாட்டுக் கதவு தெரியும். உள்ளே எல்லாரும் முழந்தாளில் இருந்தீர்கள். கடைசி தியானம், முழு மௌனம். வெள்ளைச் சேலையில் இரண்டாவது வரிசையில் நீ. உன் பக்கவாட்டு முகம் மட்டும் தெரிந்தது. அவ்வளவு அமைதியான முகத்தை நம் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. இவள் இருக்க வேண்டிய இடம் இதுதான், நடுவில் நான் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து அப்படியே போய்விடலாமா என்றுகூட ஒரு கிறுக்கு நினைப்பு வந்தது.

அப்போது மதிலுக்கு வெளியே சாலையில் ஏதோ ஒரு பஸ், ஹாரனை ஓங்கி அடித்துக்கொண்டு போயிற்று.

உச்சிப் பொழுதுக்கு இன்னும் நேரம் இருந்தது. மடத்து மணி அடிக்கவில்லை. ஆனால் நீ வாய்விட்டுத் திரிகால ஜெபத்தைத் தொடங்கிவிட்டாய். நம் அடுப்படியில் சொல்லும் அதே குரலில், குழம்பு கொதிக்கிற வேகத்தில். உன்னோடு வகுப்புக்கு வந்திருந்த பெண்கள் இரண்டொருவர் பழக்கதோஷத்தில் பதிலும் சொன்னார்கள். வரிசை முழுதும் தலை திரும்பிற்று. நீ நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கக் கதவுப் பக்கம் திரும்பியபோது என்னைப் பார்த்தாய். நானும் நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு காலில் செருப்பை மாட்டியபடி வாசலைப் பார்த்து நின்றிருந்தேன். பை எடுக்க.

தியானம் முடிந்து மதர் உன்னிடம் வந்தார். உன்னை வீட்டுக்கு அனுப்பிய அதே மதர், வயதாகிவிட்டிருந்தது.

"அம்மாடி, இங்க இன்னும் மணி அடிக்கலியே."

"எங்க வூட்ல அடிச்சிருச்சுங்க மதர்" என்றாய்.

மதர் சிரித்தார். பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னை அனுப்பிய அன்று தான் சாப்பிடவில்லை என்றார். நானும் சாப்பிடலீங்க என்றாய் நீ.

திரும்பி வரும் பஸ்ஸில் உனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. இத்தனை வருடம் கேட்காததை அன்று கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை, முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக் கேட்டேன்.

"அங்கியே இருந்துடலாம்னு தோணலியா?"

"தோணுச்சுங்க. மொத ரெண்டு நாளு ரொம்பத் தோணுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ரோட்ல பஸ் போறப்பெல்லாம், பை எடுக்கக் கெளம்பியிருப்பாரு, இந்த வெயில்ல செருப்ப மாட்டுனாரோ இல்லியோன்னு நெனப்பு வந்துருது. கண்ண மூடுனா சாமிக்கு முன்னால உங்க செருப்பு வந்து நிக்குது."

நான் விடவில்லை. "என்னக் கட்டிக்கிட்டதுல வருத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். சாமி வேணாம்னு தள்ளுனதை நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு நெனச்சு அழுதிருக்கேன். இப்ப அப்பிடித் தோணல. இந்த வூட்டுக்குத்தான் அனுப்பியிருக்காரு. நான் மடத்து வழியா சுத்திக்கிட்டு வந்திருக்கேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, முறுக்கு இருக்கிறதா என்று கேட்டாய். இருந்தது. ஊர் வரும்வரைக்கும் தின்றுகொண்டே வந்தோம். பந்தியில் அந்தச் சொந்தக்காரர் சொன்ன பேச்சு அதற்குப் பிறகு எனக்குக் கேட்டதில்லை.

அடுத்த பாடம் வார்த்தைப்பாடுகள் பற்றியது. பயிற்சி முடிந்த சகோதரி உடனே நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துவிடுவதில்லை. சில வருடங்களுக்குத் தற்காலிக வார்த்தைப்பாடுதான், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நீ படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டாய்.

"கல்யாணத்துல மட்டும் எடுத்த எடுப்புல நித்தியத்துக்குப் போயிடறாங்க பாருங்க. பயிற்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாமளும் வருசா வருசம் புதுப்பிச்சா என்ன?"

வைகாசியில் நம் கல்யாண நாள். மத்தியான பை வந்து, பிரித்து அடுக்கி முடித்த பிறகு, அஞ்சலக ஜன்னலைச் சாத்திவிட்டு, என் வலக்கையைப் பிடித்துக்கொண்டாய். பீடத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தைகள் எனக்கு மறந்துபோயிருந்தன. நீ எடுத்துக் கொடுத்தாய். இன்பத்திலும் துன்பத்திலும் என்று நான் சொல்லும்போது ஆத்தா எட்டிப் பார்த்து, "கட்டி இத்தன வருசத்துக்கு அப்புறம் என்னடா கூத்து?" என்றார். நான் வெட்கத்தில் வேகமாகச் சொல்லி முடித்தேன். நீ நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். நிஜமாகக் கல்யாணம் நடந்த அன்று நீ தலையை நிமிர்த்தவே இல்லை.

பாடங்கள் முடிந்தன. சான்றிதழ் வந்தது, வழக்கம்போல் ஜன்னலில் நின்று வாங்கிக்கொண்டாய். ஆத்தா போனார், மாதம்மா போனார், நானும் ஓய்வு பெற்றேன். புதுப்பிக்கிறது மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு வைகாசியும் சொல்லி முடித்ததும் நான், "எத்தன வருசந்தான் தற்காலிகம்? நித்தியம் எப்போ?" என்று கேட்பேன். "நடத்தையப் பாத்துச் சொல்றேன். இந்த வருசத்துக்கு இது போதும்" என்பாய். ஒரு வருடம் இரண்டு பேருக்கும் சண்டை, நான்கு நாளாகப் பேச்சில்லை, அந்த நாள் வந்துவிட்டது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே கையை நீட்டினாய். உர்ரென்றே நானும் சொன்னேன். கடைசி வார்த்தைக்கு முன்னால் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போன வைகாசியில் உனக்கு மூச்சு போதவில்லை. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நான் முழுதும் சொன்னேன். நீ பாதி சொன்னதும் இழுப்பு வந்துவிட்டது. மீதியை மனசுக்குள் சொல்லிக்கொள் என்றேன். உதடு அசைந்தது. "இந்த வருசமாச்சும் நித்தியமா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிச் சிரித்தாய். மார்கழிப் பனியைத் தாண்ட உன் நெஞ்சால் முடியவில்லை.

இந்த வருடம் அந்த நாள் வருவதற்கு முன்பே எனக்குக் கலக்கம். நம் பங்குக்கு வந்திருக்கும் சின்னச் சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல பிள்ளை, சிரிக்காமல் கேட்டார். "கல்யாண பந்தம் மரணத்தோட முடிஞ்சிடுதுங்க ஐயா. அவங்க சாமிகிட்ட போயிட்டாங்க. உங்களுக்கு இனி அந்தக் கடமை இல்லீங்க" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. நீயும் பாடத்தில் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கியிருப்பாய்.

இருந்தாலும் போன வாரம், நம் நாளன்று, மத்தியானத்தில் முன்னறையில் போய் நின்றேன். அஞ்சலகம் எப்போதோ வேறு இடத்துக்குப் போய்விட்டது, அந்த ஜன்னல் இருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல் என் கையையே பிடித்துக்கொண்டேன். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை, ஆனாலும் ஒரு சொல்லும் தப்பவில்லை. இத்தனை வருடமும் கடைசிப் பகுதியை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டிவிடுவேன், அதில் என்ன இருக்கிறது என்று கவனித்ததில்லை. இந்த முறை பார்க்க முகம் இல்லாததால் சொல் காதில் விழுந்தது. என் வாழ்நாளெல்லாம் உன்னை நேசிப்பேன் என்றுதான் அதில் இருக்கிறது. உன் வாழ்நாளெல்லாம் என்று இல்லை.

என் வாழ்நாள் இன்னும் முடியவில்லையே. அதனால் உன்னைக் கேட்காமலேயே நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டேன். நடத்தை போதாது என்று நினைத்தால், நான் வரும்போது நேரில் சொல்.